கம்பியைப் பிடுங்கிப் பார்த்தவள்

இந்த விசாரணை அறைக் கணினியின் விசிறி சத்தம் போடுகிறது. பயப்பட ஒன்றும் இல்லை, உள்ளே தூசி அடைத்திருக்கும். பின்பக்க மூடியைக் கழற்றி ஒரு ஊது ஊதினால் அடங்கிவிடும். நானே செய்து தருவேன், ஆனால் என் கையில் ஸ்க்ரூடிரைவர் கொடுக்க இப்போது உங்களுக்கு மனம் வராது. அது நியாயம்தான்.

ஏன் செய்தேன் என்று கேட்டீர்கள். அதற்கு முன்னால் என்ன வேலை செய்தேன் என்று சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பாதி புரியாது. அந்த மருத்துவமனையில் புதிதாக எந்த மென்பொருள் வந்தாலும், அதை எல்லாக் கணினிகளிலும் போடுவதற்கு முன் சோதித்துப் பார்ப்பது என் வேலை. எப்படிச் சோதிப்பது என்று முடிவு செய்வதும் நான்தான். பெரும்பாலும் திறந்த மூல மென்பொருள்தான் வரும். யாரோ ஒருவர் எழுதி, உள்ளே இருப்பதை ஊரறியத் திறந்து வைத்து, வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளுங்கள் என்று விட்டுவிடுவது. இலவசமாக வருவதை நம்பக் கூடாது என்பார்கள் சிலர். எல்லாம்தான் கண்ணுக்குத் தெரிகிறதே, இதில் என்ன சோதனை என்பார்கள் சிலர். இரண்டுமே சோம்பேறிப் பேச்சு. திறந்து கிடப்பதை யாராவது பார்த்திருப்பார்கள் என்று ஆளாளுக்கு நினைத்துக்கொண்டு, கடைசியில் ஒருத்தரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

என் சோதனை அறை கீழ்த்தளத்தில், துணி வெளுக்கும் அறைக்குப் பக்கத்தில் இருந்தது. ஒவ்வொரு மாடியிலும் வேறு வேறு காலத்தில் வாங்கிய கணினிகள். அதனால் மாடிக்கு ஒன்று என்று அதே மாதிரிக் கணினிகளை என் மேஜையில் வரிசையாக வைத்திருந்தேன். ஒன்றில் ஓடுவது இன்னொன்றில் படுத்துவிடும். ஓடுகிறதா என்று பார்ப்பது எனக்குச் சோதனையே கிடையாது. நல்லபடியாக ஓடிக்கொண்டிருக்கும்போது, சொல்லாமல் கொள்ளாமல் இணைப்புக் கம்பியைப் பிடுங்குவேன். கொஞ்சம் விட்டுத் திரும்பச் செருகுவேன். விழுந்தால் எப்படி விழுகிறது, எழுந்தால் எப்படி எழுகிறது என்று பார்ப்பேன். அதற்கு எங்கள் வீட்டில் பிடுங்கல் என்றே பெயர். எங்கள் வீட்டில் என்றால், எனக்கும் என் தம்பிக்கும். அவனை இந்தத் தொழிலுக்குக் கொண்டுவந்ததும் நான்தான், பிடுங்கலைச் சொல்லிக்கொடுத்ததும் நான்தான்.

தம்பி எனக்கு முன்பே அந்த மருத்துவமனையில் வேலை பார்த்தான். நான் அப்போது கல்யாணமாகி வேறு ஊரில் ஒரு வங்கிக்குச் சோதனை வேலை செய்துகொண்டிருந்தேன். அவனுக்கு மேலே இருந்தவர் கணினித் துறைத் தலைவர். ஓடுதா சார் என்று அவருக்கு முதுகுக்குப் பின்னால் பெயர். எதைக் கொண்டுபோய்க் காட்டினாலும், ஓடுதா என்று மட்டும்தான் கேட்பார். ஓடுது சார் என்றால் கோப்பை மூடிவிடுவார். மோசமான மனிதர் என்று சொல்ல மாட்டேன். எல்லோருடைய பிறந்தநாளையும் நினைவு வைத்துக்கொண்டு வாழ்த்துச் சொல்வார். வேலைக்கு வரும் பெண்களை வாங்க மேடம், போங்க மேடம் என்று மரியாதையாகத்தான் கூப்பிடுவார்.

ரத்தப் பரிசோதனைக் கூடத்துக்கு ஒரு புதிய மென்பொருள் வந்தது. தம்பி இரண்டு நாள் கேட்டான். பிடுங்கிப் பாத்துட்டுப் போட்டுடறேன் சார் என்று நின்றுகொண்டே கேட்டிருக்கிறான். அவர் தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

"ஓடுதுல்ல? அப்புறம் என்னப்பா, போட்டுடு."

போட்டுவிட்டான். ஒரு நாள் இணைப்பு அறுந்து திரும்பியபோது, ஒருவருடைய ரத்த வகை அடுத்தவர் பெயரில் போய் ஒட்டிக்கொண்டது. ஒரு தச்சருக்கு வேறு வகை ரத்தத்தை ஏற்றினார்கள், அவர் பிழைக்கவில்லை. விசாரணையில் ஓடுதா சார் சொன்னது இதுதான்: சின்னப் பையன், அவசரக்குடுக்கை, என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமலே போட்டுவிட்டான். வாய்வார்த்தையாகச் சொன்னதற்கு எங்கே சாட்சி? பழியைத் தூக்கி அவன் தலையில் போட்டுவிட்டு அவர் கை கழுவிக்கொண்டார். தம்பிக்கு வேலை போனது, வழக்கு இழுத்தது, பேசி வைத்திருந்த பெண் வீட்டார் நாசூக்காக நழுவிக்கொண்டார்கள். வழக்குக்கு நடந்து நடந்தே அப்பா போய்ச் சேர்ந்தார். வழக்கு ஒருவழியாக முடிந்த பிறகு தம்பி ஒரு சந்தில் செல்போன் பழுது பார்க்கும் கடை வைத்தான். இரண்டு பேர் நின்றால் மூன்றாமவர் வெளியே நிற்க வேண்டும், அவ்வளவுதான் கடை.

நான் அங்கே வேலைக்குச் சேர்ந்ததே திட்டம் போட்டுத்தான் என்று உங்கள் காகிதத்தில் எழுதியிருக்கிறீர்கள். அது சரியில்லை. என் கணவருக்கு இந்த ஊருக்கு மாற்றல் கிடைத்தது, எனக்கு ஒரு வேலை வேண்டியிருந்தது. முதல் முறை விண்ணப்பித்தபோது எடுத்துக்கொள்ளவில்லை, அதற்கடுத்த முறையும் எடுத்துக்கொள்ளவில்லை, பிறகு எடுத்துக்கொண்டார்கள். நான் யாருடைய அக்கா என்று அங்கே யாருக்கும் தெரியாது. யாரும் கேட்கவும் இல்லை.

முதலில் எனக்கு எந்த எண்ணமும் கிடையாது. ஒழுங்காக வேலை பார்த்தேன், நல்ல பெயர் வாங்கினேன். ஒரு சனிக்கிழமை மதியம் தம்பிக்குச் சாப்பாடு கொடுக்கக் கடைக்குப் போயிருந்தேன். ஓடுதா சார் உடைந்த போனோடு வந்து நின்றார். தம்பிக்கு முகம் வெளுத்துவிட்டது. அவர் அவனை நேருக்கு நேர் பார்த்து, எவ்வளவு நேரம் ஆகும் தம்பி என்று கேட்டார். அடையாளம் தெரியாதது மாதிரி நடிக்கவில்லை, நிஜமாகவே தெரியவில்லை. இவன் கண்ணாடியை மாற்றி, மேலே கீறல் விழாமல் ஒரு தாளும் ஒட்டி, அதற்குக் காசு வேண்டாம் சார் என்றான். போகும்போது அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"நீங்களும் இங்கதான் குடுப்பீங்களா மேடம்? பையன் சுத்தமா வேலை செய்றான்."

அவர் போன பிறகு தம்பி சிரித்தான். அவருக்கு என்னை ஞாபகமே இல்லக்கா, விடு, நல்லதுதான் என்றான். தப்பு தன்மேலும் உண்டு, பிடுங்கிப் பார்க்காமல் போட்டது தன் கைதானே என்று எப்போதும் சொல்வதை அன்றும் சொன்னான். அவனால் விட முடிந்தது. என்னால் முடியவில்லை. ஒருவனுடைய வாழ்க்கையைக் கவிழ்த்துவிட்டு, அவன் முகத்தைக்கூட நினைவு வைத்துக்கொள்ளாத மனிதர், வாழ்த்துச் சொல்ல ஊரார் பிறந்தநாளையெல்லாம் மனப்பாடம் செய்து வைத்திருக்கிறார். தம்பி நின்ற இடத்தில் இவரை ஒரு நாள் நிறுத்த வேண்டும் என்று தோன்றியது. அன்று இரவு நன்றாகத் தூங்கினேன். பல வருடமாக அப்படித் தூங்கியதில்லை.

படுக்கை மணி மென்பொருள் அதற்குப் பிறகு வந்தது. நோயாளியின் கட்டிலருகே ஒரு கருவி இருக்கும். மூச்சோ நாடித்துடிப்போ தடுமாறினால் அது செவிலியர்கள் உட்காரும் இடத்துத் திரைக்குச் சொல்லும். எல்லாம் சரியாக இருந்தால் அந்தக் கட்டிலுக்கு நேரே பச்சை, இல்லாவிட்டால் சிவப்பு, கூடவே மணி. கட்டிலருகே இருக்கும் கருவியும் முனகும், ஆனால் கதவைச் சாத்திவிட்டால் வெளியே கேட்காது. பழைய மென்பொருளுக்கு வருடா வருடம் பணம் கட்ட வேண்டியிருந்தது. புதியது திறந்த மூலம். கடல் தாண்டி எங்கோ இருக்கும் ஒரு நூலகர் எழுதியது. அவருடைய மனைவி படுத்த படுக்கையாக இருந்தாராம். தோட்டத்தில் வேலை செய்யும்போதும் மனைவி கூப்பிடுவது தெரிய வேண்டும் என்று ஆரம்பித்தது, பிறகு பல ஊர் மருத்துவமனைகளுக்குப் போனது. அருமையான வேலை. உள்ளே படித்துப் பார்த்தேன், ஒரு வரிகூட வீணாக இல்லை.

ஒரு மதியம் அறையில் தனியாக இருந்தபோது பிடுங்கிப் பார்த்தேன். கம்பியை எடுத்தேன், கொஞ்ச நேரம் விட்டுச் செருகினேன். பிறகு சோதனைக்கென்று வைத்திருந்த பொம்மை நோயாளியின் நாடித்துடிப்பை நிறுத்தினேன். திரை பச்சையாகவே இருந்தது. இணைப்பு ஒருமுறை அறுந்து திரும்பினால், கடைசியாகப் பார்த்த காட்சியையே பிடித்து வைத்துக்கொண்டு, எல்லாரும் நலம் என்று காட்டிக்கொண்டே இருந்தது. நான் ஒரு டீ போட்டுக் குடித்துவிட்டு, அடுத்த கணினியில் பிடுங்கினேன். பிறகு அதற்கடுத்ததில். எல்லாவற்றிலும் அப்படியே. அரைகுறையாக விடுவது என் வழக்கம் கிடையாது.

செய்ய வேண்டியது என்னவென்று எனக்குத் தெரியும். நூலகருக்கு நாலு வரி எழுதியிருந்தால் சாயங்காலத்துக்குள் சரி செய்து அனுப்பியிருப்பார். முன்பு ஒரு எழுத்துப்பிழையைச் சொன்னதற்கே பக்கம் பக்கமாக நன்றி எழுதியவர். அவருக்கு எழுதத்தான் செய்தேன். உங்கள் மென்பொருள் எங்களிடம் நன்றாக ஓடுகிறது, எல்லா மாடிகளிலும் போடப் போகிறோம் என்று எழுதினேன். தன் மனைவி இருந்திருந்தால் மகிழ்ந்திருப்பாள் என்று பதில் போட்டார்.

அதன் பிறகு சோதனை முறையை எழுதினேன். இதுதான் என் கையால் நான் செய்த காரியம், இதை மட்டும் நன்றாகக் குறித்துக்கொள்ளுங்கள். எந்தக் கணினியில் எந்த வரிசையில் போடுவது, எத்தனை கட்டில்களைச் சேர்த்துப் பார்ப்பது, உள்ளே கள்ளச் சரக்கு ஏதும் ஒளிந்திருக்கிறதா என்று எப்படித் தேடுவது, பழையதற்குத் திரும்ப வேண்டுமானால் எப்படித் திரும்புவது என்று ஆற அமர எல்லாம் எழுதினேன். அப்படியொன்று அந்த மருத்துவமனையில் அதுவரை இருந்ததில்லை. வேறு இரண்டு மருத்துவமனைகள் அதைக் கேட்டு வாங்கிக்கொண்டன. பிடுங்கல் மட்டும் அதில் இல்லை. படித்த அத்தனை பேரில் ஒருவராவது, இணைப்பு அறுந்தால் என்ன ஆகும் என்று கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் சேர்த்திருப்பேன். கேட்கிறார்களா என்று காத்துக்கொண்டுதான் இருந்தேன்.

கூட்டம் போட்டார்கள். தம்பிக்கு நடந்ததற்குப் பிறகு கூட்டங்களைக் காமிராவில் பதிவு செய்யும் வழக்கம் வந்திருந்தது. மாடி மாடியாகப் போடலாமா, ஒரே நாளில் போடலாமா என்று நான் கேட்டேன். பதில் என்ன வரும் என்று தெரிந்துதான் கேட்டேன்.

"ஓடுதா மேடம்?"

"ஓடுது சார்."

"ஓடுதுல்ல? அப்புறம் என்ன, ஒரே நாள்ல போட்டுடுங்க."

வார்த்தை மாறாமல் அதையே சொன்னார். இந்த முறை காமிரா இருந்தது. 

போட்டோம். புதிய திரையை ஊருக்குக் காட்ட அதே வாரம் ஓடுதா சார் ஒரு விழா ஏற்பாடு செய்தார். கீழே பெரிய அரங்கம், நிர்வாகக் குழுவினர், வெளியூர் மருத்துவர்கள். மேடைச் சுவர் முழுக்க, புதியது போட்ட மாடிகளின் திரையெல்லாம் தெரியும்படி வைத்திருந்தார்கள். இணைப்புப் பெட்டிகளுக்குப் பேட்டரி மாற்ற வேண்டும், அப்போது இணைப்பு ஒரு கணம் அறுந்து திரும்பும் என்று மின்பணியாளர் அந்த வாரம் முழுக்க என்னிடம் தேதி கேட்டுக்கொண்டிருந்தார். விழா முடிந்து வைத்துக்கொள்ளலாமா என்றும் அவரேதான் கேட்டார். நான் கம்பியைப் பிடுங்கவில்லை. அதை நீங்கள் எழுதியிருந்தால் அடித்துவிடுங்கள். நான் சொன்னது இவ்வளவுதான்:

"விழா நடக்குறப்பவே மாத்திடுங்க. ஒண்ணும் ஆகாது, எல்லாம் சோதிச்சாச்சு."

என்றாவது ஒரு நாள் கம்பி அறுந்துதான் இருக்கும். ஆனால் அவர் மேடையில் நிற்கும்போது அறுந்தால்தானே எனக்கு ஆகும்.

இரண்டாம் வரிசையில் உட்கார்ந்திருந்தேன். திரை ஒரு கணம் மங்கித் திரும்பியது, யாரும் கவனிக்கவில்லை. பச்சை, பச்சை, எங்கும் பச்சை. அவர் திரையைத் தட்டிக் காட்டி, ஒரு நோயாளி கஷ்டப்பட்டால் நொடியில் தெரிந்துவிடும் என்று பேசிக்கொண்டிருந்தார். நடுவில் வேடிக்கையாக என் பக்கம் திரும்பி, நம்ம மேடத்தையே கேட்போம், ஓடுதா மேடம் என்றார். ஓடுது சார் என்றேன். அரங்கமே சிரித்தது. ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேலே ஆகியிருக்கும், ஒரு செவிலியர் செருப்பில்லாமல் ஓடி வந்து அவர் காதில் ஏதோ சொன்னார். அவர் அந்தப் பச்சையைத் திரும்பிப் பார்த்தார். அந்த முகத்தை நான் பார்த்தேன். மறைக்க விரும்பவில்லை, எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

ஐந்து பேர் இறந்தார்கள். நீங்கள் வைத்திருக்கும் படங்களைத் திரும்பக் காட்ட வேண்டாம், எனக்குத் தெரியும். பேருந்து ஓட்டுநர், அக்காவும் தங்கையுமாக ஒரே அறையில் இருந்தவர்கள், ஒரு சமையல்காரர், அந்தப் பள்ளிக்கூடப் பெண். அந்தப் பெண்ணை லிஃப்டில் பார்த்திருக்கிறேன், சக்கர நாற்காலியை ஓரமாக இழுத்து எனக்கு இடம் விட்டது. நல்ல வளர்ப்பு. அவர்கள்மேல் எனக்கு எந்த விரோதமும் இல்லை.

விசாரணையில் ஓடுதா சார், சோதித்த அம்மா சரியென்று சொன்னார்கள், அதை நம்பித்தான் போடச் சொன்னேன் என்று அழுதாராம். அது முழு உண்மை. ஆனால் பதிவைப் போட்டுப் பார்த்தவர்கள், தனக்குக் கீழே இருக்கும் ஒரு பெண்ணின் தலையில் பழியைப் போடுகிறான் பார் என்று காறித் துப்பினார்கள். அன்று பொய் சொன்னார், நம்பினார்கள். இன்று உண்மை சொல்கிறார், நம்ப ஆளில்லை. என் மனம் ஆறியது அங்கேதான். அவரை வேனில் ஏற்றும்போது என்னைப் பார்த்தார். நான் யாருடைய அக்கா என்று பக்கத்தில் போய்ச் சொன்னேன். அப்போதும் அவருக்கு நினைவு வரச் சற்று நேரம் பிடித்தது.

ஆறாம் மாடிக்கு வருகிறேன். நீங்கள் காலையிலிருந்து அங்கேதான் சுற்றிச் சுற்றி வருகிறீர்கள். எல்லா மாடிகளிலும் புதியதைப் போட்டோம், ஆறாம் மாடியில் மட்டும் பழையதை விட்டு வைத்தேன். இதில் விசேஷம் ஒன்றும் கிடையாது. ஒப்பிட்டுப் பார்க்க ஒன்றைப் பழையபடியே வைத்திருப்பது நல்ல சோதனை முறை. இந்தத் தொழிலில் இருக்கும் எவரைக் கேட்டாலும் சொல்வார்கள். என் அம்மாவுக்குப் புதியதைப் போட்ட வாரம்தான் மூச்சுத்திணறல் வந்து அங்கே சேர்த்திருந்தோம் என்பதும் உண்மைதான். ஏதாவது ஒரு மாடியை விட வேண்டும், அதை விட்டேன். விழா நேரத்தில் அம்மாவுக்கு மறுபடி திணறியது. மணி அடித்தது, செவிலியர் ஓடி வந்தார், அம்மா பிழைத்துக்கொண்டார். பழைய மென்பொருள் அவ்வளவு மோசம் இல்லை.

அந்த மணி அடித்தபோது தம்பி அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். அதை நான் நினைத்துப் பார்க்கவில்லை.

அம்மாவை வீட்டுக்கு அழைத்து வந்த பிறகு ஒரு நாள் அவனுக்குச் சாப்பாடு போட்டேன். மத்த மாடில எல்லாம் அடிக்காத மணி ஆறாம் மாடில மட்டும் எப்படிக்கா அடிச்சுது என்று கேட்டான். ஒப்பிட்டுப் பார்க்க விட்டு வைத்ததைச் சொன்னேன். சோற்றைப் பிசைவதை நிறுத்தினான்.

"பிடுங்கிப் பாத்தியாக்கா?"

அவனிடம் நான் பொய் சொன்னதில்லை. பார்த்தேன் என்றேன்.

"நான் பாக்காமப் போட்டேன்கா. அதையே இன்னும் என்னால தூக்கிட்டு நடக்க முடியல."

சாப்பாட்டை அப்படியே வைத்துவிட்டுக் கை கழுவினான். அம்மாவைக் கைத்தாங்கலாக எழுப்பிக் கூட்டிக்கொண்டு போய்விட்டான். அம்மாவும் எதற்கென்று கேட்காமல் போனார்.

உங்களிடம் வந்து சொன்னது அவன்தான் என்று எனக்குத் தெரியும். நீங்கள் மறைக்க வேண்டாம். சின்ன வயதிலிருந்தே அவனுக்குப் பொய் வராது, அதனால்தானே அவனை அவ்வளவு சுலபமாக ஏமாற்றினார்கள். ஆமாம், தெரிந்துதான் செய்தேன். விழும் என்று தெரியும், யார்மேல் விழும் என்றும் தெரியும். எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ காட்டுங்கள். ஒரே ஒரு உதவி. பார்வையாளர் வரும் நாள் எது என்று அவனுக்குத் தெரிவித்துவிடுங்கள். இப்போது கோபத்தில் இருப்பான், ஆறியதும் வருவான். அவனுக்காகத்தானே இவ்வளவும் செய்தேன், அது அவனுக்குப் புரியாமலா போகும்.